தோய்க்காத சட்டைக்கு ஒரு பெட்டி

எங்கள் வீட்டில் ஒரு சட்டை இரண்டு வருடங்களுக்கு மேலாகத் தோய்க்கப்படாமல் இருந்தது. நீலக் கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை. மேலிருந்து மூன்றாவது பொத்தான் மட்டும் கறுப்பு நூலால் தைக்கப்பட்டிருக்கும். அண்ணை வெளிநாட்டுக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் அதைத்தான் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

அவருக்கு வேலை மரக்காலையில். லொறியில் வந்து இறங்கும் மரங்களைத் தோளில் தூக்கி அடுக்கவேண்டும். "நாளைக்குப் பயணம் போறவன் இண்டைக்கும் போய் மரம் தூக்கவேணுமே?" என்று அம்மா கேட்டார்.

"வீட்டிலை நிண்டா நீங்கள் அழுதுகொண்டு நிப்பியள். மரம் அழாது."

பின்னேரம் வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். கிணற்றடியில் குளித்தார். விடியற்காலையில் கொழும்புக்குப் போகும் வான் ஒழுங்கை முகப்பில் வந்து நின்றது. அவர் போனபிறகும் சட்டை கொடியிலேயே கிடந்தது.

பயணம் போனவரின் பின்னால் வீட்டைக் கூட்டக்கூடாது, தலை முழுகக்கூடாது, அவர் கழற்றிப் போட்ட உடுப்பைத் தோய்க்கக்கூடாது. போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று ஒரு சொல் வரவேண்டும். அதுவரை அவருடைய தடத்தை வீட்டிலிருந்து அழிக்கக்கூடாது. இது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான், ஆனால் பெரும்பாலானவர்கள் ஒரு பகலோடு விட்டுவிடுவார்கள். அம்மா விடவில்லை.

"விளக்குமாத்துக்கும் பிளேனுக்கும் என்னம்மா தொடர்பு?" என்று கேட்டேன்.

"உனக்கு விளங்காது. நீ படிச்சனி."

மூன்றாம் நாள் வீட்டைக் கூட்டினார். ஐந்தாம் நாள் தலை முழுகினார். சட்டையை மட்டும் தொடவில்லை. அண்ணை இடையில் இரண்டு விமான நிலையங்களிலிருந்து போன் எடுத்தார். "இன்னும் போய்ச் சேரேல்லைத்தானே" என்றார் அம்மா. கடைசியாக எனக்கு ஒரு குரல்பதிவு வந்தது.

"தங்கச்சி, இஞ்சை சரியான குளிர். விடிய நடக்கத் தொடங்கவேணுமாம். காட்டைத் தாண்டின உடனை எடுக்கிறன். அம்மாட்டைக் காடெண்டு சொல்லிப்போடாதை. பஸ்ஸிலை போறன் எண்டு சொல்லு."

பஸ்ஸில் போகிறார் என்று சொன்னேன். அதன்பிறகு அவருடைய இலக்கத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரன் முதல் மாதம் பதில் சொன்னான், இரண்டாம் மாதம் போனை நிறுத்திவிட்டான். கூடப் போனவர்களில் ஒருவன் ஒரு முகாமிலிருந்து தன் வீட்டோடு கதைத்தானாம். பனி கொட்டும்போது ஆட்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்தார்கள், அண்ணை மற்றப் பக்கம் என்று சொன்னானாம். அந்த மற்றப் பக்கத்திலிருந்து இன்றுவரை யாரும் கதைக்கவில்லை.

அந்தக் காட்டில் என்ன நடந்திருக்கும் என்பதில் எனக்கு ஒரு முடிவு இருக்கிறது. அதை நான் வீட்டில் சொன்னதில்லை.

மாரி தொடங்கியபோது அம்மா சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து ஒரு சொப்பிங் பையில் போட்டு, வாயைச் சுருட்டி முடிந்து, தன் சேலைகளுக்கு அடியில் வைத்தார். வருடத்தில் மூன்று நாட்கள் அதைத் திறப்பார். தீபாவளி, அண்ணை புறப்பட்ட நாள், மாசி மாதத்தில் அவருடைய பிறந்தநாள். திறந்து, முகத்தை உள்ளே வைத்து, ஒரு தரம் மூச்சை இழுத்துவிட்டு உடனே முடிந்துவிடுவார். "கனக்கத் திறந்தா போயிடும்" என்பார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவர் அவர். வாசனை என்பது பொருளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போகும் ஒன்று என்பதை யாரும் அவருக்குப் படிப்பிக்கவில்லை.

எனக்குப் படிப்பித்திருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் சாதாரண தரப் பரீட்சையைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரலை வைத்தவர். நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது அவர் காய்ச்சலில் போனார். அடுத்த கிழமையே அண்ணை பள்ளிக்கூடப் பையைக் கழற்றிவிட்டு மரக்காலைக்குப் போனார். நான் படித்து, பட்டம் எடுத்து, விஞ்ஞான ஆசிரியையாக மானிப்பாய்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தினமும் அரியாலையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிறேன். ஒழுங்கையில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ரீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். அது எனக்குப் பிடிக்கும். பிடிக்காததுபோல் நடிக்க எனக்குத் தெரியாது.

மரவேலையும் நானாகத் தேடிப் போனதுதான். பல்கலைக்கழகம் முடித்து நியமனத்துக்குக் காத்திருந்த காலத்தில் தொழில்நுட்பக் கல்லூரியில் சனிக்கிழமை வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். இருபத்தொரு பேரில் நான் மட்டும் பெண். அண்ணை குசினிக்குப் பின்னால் நான்கு பனைமரத் துண்டுகளை நட்டு, மேலே தகரம் அடித்து, எனக்கு ஒரு பட்டறை போட்டுத் தந்தார். மரக்காலையில் கழித்துவிடும் முதிரை, பாலை, வேம்புத் துண்டுகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார்.

"ரீச்சரம்மா, உங்கடை பட்டறை ரெடி. நகம் உடைஞ்சா என்னட்டை வந்து அழக்கூடாது."

"மரம் சீவிறவைக்கு நகம் எதுக்கு?"

"பிறகு கலியாணத்துக்கு மாப்பிளை வீட்டார் கையைப் பாத்திட்டு ஓடுவினம்."

"ஓடுறவையை நான் ஏன் கட்டவேணும்?"

அவர் போனபிறகு நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தப் பட்டறையில்தான் இருப்பேன். முக்காலி, புத்தகத் தட்டு, சாமிப் படம் வைக்கும் மாடம் என்று ஏதாவது செய்துகொண்டிருப்பேன். சீவுளி ஓடும் சத்தத்தில் வீட்டின் அமைதி கொஞ்சம் மறையும்.

பெட்டிக்கான மரம் வந்தது அண்ணை போனதற்கு அடுத்த வருடம். முப்பது வருடம் கனடாவில் இருந்துவிட்டு மனைவியோடு திரும்பி வந்த ஒரு ஐயா எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் இருக்கிறார். வீட்டுச் சாமான்களைக் கப்பலில் எடுப்பித்திருந்தார். அதில் ஒரு அலுமாரி நொருங்கிப்போய் வந்தது. அவர் அங்கே தன் வீட்டின் நிலவறையில், பொழுதுபோக்காகத் தானே செய்த அலுமாரியாம். நான் அவர்களுடைய சாமி அறைக் கதவுக்குப் பிணைச்சல் பூட்டப் போனபோது அந்தப் பலகைகள் விறகோடு அடுக்கிக் கிடந்தன.

"ஐயா, இது என்ன மரம்?"

"சாசஃப்ராஸ் எண்டு சொல்லுவாங்கள். அங்கத்தை மரம். உங்களுக்கு வேணுமெண்டா கொண்டு போங்கோ பிள்ளை. இவ அடுப்புக்குள்ளை வைக்கப் போறா."

"எரிச்சா வீடு முழுக்க மணக்கும்" என்றார் அவருடைய மனைவி உள்ளேயிருந்து. "அங்கை இருக்கேக்கை இவர் உதைச் சீவிப்போட்டுச் சாப்பிட வருவார். சோறும் உதுதான் மணக்கும், சொதியும் உதுதான் மணக்கும்."

ஆறு பலகைகள். இரண்டு தடவையாகச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தேன். பார்வைக்கு ஒன்றும் இல்லை. வானிஷ் கறுத்து, மூலைகள் உடைந்து, எடையும் இல்லாமல் இருந்தன. முதிரையைத் தூக்கிப் பழகியவர்களுக்கு அது மரமென்றே தோன்றாது. ஆனால் சீவுளியை வைத்து முதல் இழுப்பு இழுத்தபோது நான் கையை நிறுத்திவிட்டேன். நன்னாரி. திருவிழாக் காலத்தில் கோயில் வீதியில் நன்னாரிச் சர்பத் போத்தலைத் திறந்தால் வருமே, அந்த மணம். அதற்குப் பின்னால் கொஞ்சம் தேசிக்காய்த் தோல், கொஞ்சம் மருந்து. கறுத்த வானிஷுக்குக் கீழே மரம் மஞ்சளும் மண்ணிறமும் கலந்து, தெளிந்த தேநீர் நிறத்தில் இருந்தது. சீவல்களை அள்ளி அம்மாவிடம் கொண்டுபோனேன்.

"வடிவான மணம்" என்றார். "அவன் இருந்திருந்தா என்ன மரமெண்டு உடனை சொல்லியிருப்பான்."

அவர் சொன்னது அண்ணையின் மூக்கை. கண்ணை மூடிக்கொண்டு மரத்தூளை மணந்தே இது பாலை, இது வேம்பு என்று சொல்வார் அண்ணை.

பலகைகளை என்ன செய்வதென்று தெரியாமல் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தேன். அந்த வருட மாரி கடுமையாக இருந்தது. கடல்நீரேரி பெருகி ஒழுங்கை வரை வந்தது. வீட்டுக்குள் சுவர், பாய், புத்தகம் எல்லாம் ஈரம் குடித்தன. மார்கழியில் ஒருநாள் அம்மா சேலைகளை உதறியபோது சொப்பிங் பை கையில் பட்டிருக்கிறது. உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்திருக்கிறது. என்னிடம் கொண்டுவந்து நீட்டினார்.

"பிள்ளை, இதைப் பார். இதுக்கு என்ன செய்யிறது? நீ படிச்சனி, சொல்லு."

சட்டைக் கழுத்தில் பூஞ்சணம் பிடித்திருந்தது. வெள்ளைப் புள்ளிகளாக, காலணா அளவில் நான்கைந்து. மடிப்பில் ஒரு வெள்ளிப்பூச்சி ஓடியது.

என் அம்மா என்னிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை. நான் படித்தவள் என்பது அவருக்குப் பெருமை, ஆனால் காய்ச்சலுக்குக் கைமருந்தையும் சந்தேகத்துக்குச் சாத்திரியையும்தான் நம்புவார். அன்று முதல்முறையாக என் படிப்பை நம்பி வந்தார். நான் நிமிர்ந்து நின்று பதில் சொன்னேன். இப்போதும் எனக்கு அந்த நிமிர்வு நினைவிருக்கிறது.

"பிளாஸ்ரிக் பையுக்குள்ளை காத்துப் போகாது. ஈரம் உள்ளுக்கு நிண்டிட்டுது. அதுதான் பூஞ்சணம்."

"பிஸ்கட் பேணிக்குள்ளை வைப்பமே? மூடி இறுக்கமா இருக்கும்."

"பேணியும் வேர்க்கும் அம்மா. கறள் பிடிச்சுச் சட்டையிலை ஊறும். நான் பெட்டி செய்து தாறன். அந்தக் கனடா மரத்திலை. பூச்சி கிட்டவும் வராது."

போனில் வாசித்திருந்தேன். வாசனை மரங்களில் பெட்டி செய்து கம்பளி உடுப்புகளை வைப்பார்கள். எண்ணெய் வாசனைக்குப் பூச்சி அண்டாது. பெட்டியின் உட்பக்கத்துக்கு வானிஷ் பூசக்கூடாது, பூசினால் வாசனை அடைபட்டுவிடும். எல்லாவற்றையும் கவனமாக வாசித்தேன். கம்பளி உடுப்புக்கு என்று எழுதியிருந்ததையும் வாசித்தேன்தான்.

முதலில் பூஞ்சணத்தைத் துடைக்கவேண்டும். முற்றத்தில் வெயில் வந்த ஒரு நாளில் மென்மையான தூரிகையால் மெல்லத் தட்டி எடுத்தேன். பூஞ்சணத் தூள் நெஞ்சுக்குக் கூடாது என்பதால் முகக்கவசம் போட்டிருந்தேன். அதனால் அந்தச் சட்டையை அவ்வளவு நேரம் கையில் வைத்திருந்தும் நான் மணக்கவில்லை. அது அம்மாவுடையது என்று இரண்டு வருடமாக ஒதுங்கியிருந்தவள், அன்றும் ஒதுங்கியே இருந்துவிட்டேன்.

பெட்டிக்குப் பள்ளிக்கூட விடுமுறை முழுவதும் போனது. மரம் மென்மையானது, ஆனால் நம்பிக் கைவைக்க முடியாதது. உளியைக் கொஞ்சம் அழுத்தினால் நரம்பு வழியே பிளந்து ஓடும். இரண்டு கையின் விரல்களைக் கோத்ததுபோல் மூலைகளை வெட்டிப் பொருத்த நினைத்தேன். முதல் மூலையில் மூன்று பற்கள் உடைந்தன. உடைந்த துண்டுகளைப் பசையும் அதே மரத்தின் தூளும் குழைத்து ஒட்டினேன். இரண்டாவது மூலை தேறியது. நான்காவது மூலை வந்தபோது தட்டினால் உள்ளே போய், இழுத்தால் வராத அளவுக்குக் கை பழகிவிட்டது. ஆணி ஒன்றுகூட அடிக்கவில்லை. பசை காயும்வரை சைக்கிள் ரியூப்பைச் சுற்றி இறுக்கி வைத்தேன்.

அம்மா அடிக்கடி வந்து பார்ப்பார். தேத்தண்ணி கொண்டுவருவார். என் தலைமுடி, உடுப்பு, கைவிரல் எல்லாம் நன்னாரி மணத்தன. ஒருநாள் பெட்டிக்குள் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

"உந்த மணம் இப்பிடியே கிடக்குமோ?"

"இப்ப சீவினதாலை கூடுதலா மணக்குது. காஞ்சா குறைஞ்சிடும்."

"குறையும்தானே?"

"குறையும் அம்மா. நான் சொல்லுறன்தானே."

அவர் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனார். அவருக்கு என்ன பயம் வந்திருக்கும் என்பதை நான் அந்த இடத்தில் நின்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். எனக்கு அப்போது மூடியின் பிணைச்சல் நேராக இருக்கிறதா என்பதுதான் கவலை. செய்த பொருள் நன்றாக வரும்போது செய்தவளுக்குக் காது கேட்காது.

தைப்பொங்கலுக்கு முதல் நாள் சட்டையை நான்காக மடித்துப் பெட்டிக்குள் வைத்தேன். அம்மா அதன்மேல் விபூதி ஒரு சிட்டிகை தூவினார். மூடி காற்றுப் போகாமல் சரியாக அமர்ந்தது. அவ்வளவு சரியாக அமர்ந்ததில் எனக்கு ஒரு பெருமிதம். பெட்டியைச் சாமி அறையில், படங்களுக்குக் கீழே வைத்தோம்.

மாசியில் அண்ணையின் பிறந்தநாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையில் அம்மா பிள்ளையார் கோயிலுக்குப் போய் அவருடைய பெயரில் அர்ச்சனை செய்வித்து வந்தார். வந்த கையோடு சாமி அறைக்குள் போனார். நான் பட்டறையில் நின்றேன்.

"பிள்ளை."

"என்னம்மா?"

"இஞ்சை ஒருக்கா வா."

பெட்டி திறந்திருந்தது. சட்டை அவருடைய மடியில் இருந்தது.

"இதை மணந்து பார்."

வாங்கினேன். இம்முறை முகக்கவசம் இல்லை. நன்னாரி முகத்தில் அடித்தது. சர்பத் போத்தலை உடைத்து ஊற்றியதுபோல் இருந்தது.

"மரம் மணக்குது" என்றேன்.

"அதுக்குக் கீழை?"

கழுத்துப்பட்டியை மணந்தேன். சட்டைப்பையை மணந்தேன். கையிடுக்கை வெளியே புரட்டி, மூக்கை அழுத்தி மணந்தேன். நாய் மணப்பதுபோல் மணந்தேன். வியர்வை இல்லை. முதிரைத் தூள் இல்லை. தோள் நோவுக்கு அவர் தேய்க்கும் எண்ணெய் இல்லை. எல்லா இடத்திலும் கனடா மரம் மட்டும் இருந்தது.

"இருக்கம்மா. கையிடுக்கிலை இருக்கு. கொஞ்சமா இருக்கு."

அம்மா வாங்கி அந்த இடத்தை மணந்தார். கண்ணை மூடித் திரும்பவும் மணந்தார். பிறகு சட்டையை மடியில் வைத்து, கறுப்பு நூல் பொத்தானை விரலால் தடவினார்.

"பொய் சொல்லாதை. பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறனி."

அதற்குமேல் அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். பூஞ்சணத்துக்கு விட்டிருந்தாலும் போயிருக்கும் என்றோ, இரண்டு வருடத்தில் வியர்வை எங்கே நிற்கும் என்றோ விஞ்ஞானம் கதைத்திருப்பேன். அந்தப் பதில்களை எல்லாம் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். கேட்பதற்கு ஆள் வரவில்லை.

ஆனால் நான் சும்மா இருக்கவில்லை. அன்று பின்னேரமே சட்டையை நிழலில் காற்றாட விட்டேன், மர மணம் மேலே இருப்பதால் முதலில் போய்விடும், கீழே இருப்பது மிஞ்சும் என்று. மூன்று நாள் விட்டேன். பிறகு அடுப்புக் கரியைத் துணியில் முடிந்து பக்கத்தில் வைத்தேன், கரி மணத்தை உறிஞ்சும் என்பதால். கரிக்கு எது மரத்தின் மணம், எது மனிதனின் மணம் என்று தெரியாது. அது எல்லாவற்றையும்தான் உறிஞ்சும். அதைக் கட்டி வைத்து இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு அது உறைத்தது. அவிழ்த்துக்கொண்டிருந்தபோது அம்மா வாசலில் வந்து நின்றார்.

"இனி ஒண்டும் செய்யாதை பிள்ளை" என்றார். கெஞ்சுவதுபோல் சொன்னார்.

அடுத்த தவணையில் ஒன்பதாம் வகுப்புக்குப் பரவல் என்ற பாடம் வந்தது. வருடாவருடம் ஒரே மாதிரித்தான் செய்வேன். வகுப்பின் ஒரு மூலையில் வாசனைப் போத்தலைத் திறந்து வைத்துவிட்டு, மணம் வந்தவர்கள் கையை உயர்த்துங்கள் என்பேன். முன்வாங்கில் இரண்டு கை, பிறகு நடுவில், கடைசியாகப் பின்வாங்கு. துணிக்கைகள் செறிவு கூடிய இடத்திலிருந்து செறிவு குறைந்த இடத்துக்கு நகரும், மூடிய இடத்தில் எங்கும் சமமாகும்வரை நகரும் என்று எழுதிப்போடுவேன். மூடிய இடத்தில் என்பதன் கீழ் கோடும் போடுவேன். மூன்று வருடமாக எழுதிவருகிறேன். அந்த வருடம் போத்தலை எடுத்துக்கொண்டு போகவில்லை. தோடம்பழம் ஒன்றை உரிக்கச் சொன்னேன். பிள்ளைகள் சிரித்துக்கொண்டு கையை உயர்த்தினார்கள். "ரீச்சர், பழத்தை ஆர் சாப்பிடுறது?" என்று ஒருத்தி கேட்டாள். பகிர்ந்து சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைக்குத் திரும்பிக்கொண்டேன்.

வெறுமையாக இருந்த பெட்டியை விறகாக்கலாம் என்று பட்டறைக்குக் கொண்டுபோனேன். அம்மா திருப்பி எடுத்துவந்து சாமி அறையிலேயே வைத்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் அதைக் காட்டுவார்.

"என்ரை பிள்ளை செய்தது. ஒரு ஆணி அடிக்கேல்லை, பாருங்கோ. எல்லாம் கோத்து வைச்சிருக்கு."

வந்தவர்கள் மூடியைத் திறந்து முகத்தைக் கிட்டக் கொண்டுபோவார்கள். "என்ன வாசம்!" என்பார்கள். அம்மா அந்த நேரத்தில் தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குப் போய்விடுவார். கனடா ஐயாவும் ஒருநாள் வந்து பார்த்தார். மூலைகளை விரலால் தடவிப் பார்த்து, "நான் செய்த அலுமாரியைவிட நல்லாயிருக்கு" என்றார். பிறகு மகிழ்ச்சியாக ஒரு செய்தி சொன்னார்.

"உந்த மணம் லேசிலை போகாது பிள்ளை. எங்கடை அலுமாரி பத்து வருஷமா அப்பிடியே மணந்தது."

"நல்லது ஐயா" என்றேன்.

சட்டை மறுபடியும் ஒரு சொப்பிங் பையில், சேலைகளுக்கு அடியில் போயிருந்தது. அண்ணை புறப்பட்ட நாள் வந்தது. அம்மா அதை எடுக்கவில்லை. தீபாவளி வந்தது. எடுக்கவில்லை. வருடத்தில் மூன்று தடவை அவருக்கு ஒரு மூச்சு இருந்தது. அதை நான் நிறுத்திவிட்டேன். அண்ணைக்கு என்ன நடந்தது என்று நான் மனதுக்குள் வைத்திருக்கும் முடிவை அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று எவ்வளவு கவனமாக இருந்தேன். சொல்லாமலே, ஒரு பெட்டி செய்து, ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டதுபோல் இருந்தது.

இந்த வருடம் தைப்பொங்கலுக்குச் சில நாட்கள் முன்பு பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது முற்றத்துக் கொடியில் நீலக் கட்டச் சட்டை ஆடிக்கொண்டிருந்தது. நுனியிலிருந்து நீர் சொட்டியது. நான் பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றேன். அம்மா கிணற்றடியில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, தோய்ச்சுப்போட்டியளே?"

"ஓம்."

"ஏனம்மா?"

"கன காலமாக் கிடக்குது. அவன் வந்தா மாத்திறதுக்கு ஒண்டு வேணும்தானே. ஊத்தையோடை எடுத்துக் குடுக்கிறதே?" வாளியை நிமிர்த்திப் பார்த்துவிட்டுத் திரும்பவும் கவிழ்த்தார். "கழுத்துப்பட்டியிலை அந்த வெள்ளைக் கறை போகேல்லை. எவ்வளவு சவர்க்காரம் போட்டும் போகேல்லை. அதுக்கு என்னத்தைச் சொல்லுறது?"

நான் காட்டைப் பற்றிச் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். அவருடைய கை சவர்க்காரத்தில் வெளுத்து, விரல் நுனிகள் சுருங்கியிருந்தன. சொல்லவில்லை.

வெயில் இறங்கும்வரை அம்மா கொடியருகிலேயே ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு இருந்தார். நான் செய்த முக்காலி. காகம் வந்தால் கையை வீசினார். காய்ந்ததும் எடுத்து என்னிடம் தந்தார்.

"ஸ்திரி போட்டு உன்ரை பெட்டியுக்குள்ளை வை."

"அந்தப் பெட்டியுக்குள்ளையோ?"

"வேறை எங்கை? பூச்சி வராதெண்டு நீதானே சொன்னனி."

ஸ்திரி போட்டேன். சூட்டில் சவர்க்கார மணம் எழுந்தது. எங்கள் வீட்டில் என் சேலை, அம்மாவின் சேலை, தலையணை உறை எல்லாவற்றிலும் இருக்கும் அதே மணம். பொத்தான்களைப் பூட்டினேன். கறுப்பு நூல் பொத்தான் தளர்ந்திருந்தது. அதே கறுப்பு நூல் எடுத்து இறுக்கித் தைத்தேன். பிறகு நான்காக மடித்துப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். மூடி இன்னும் சரியாகத்தான் அமர்கிறது. அம்மா சொன்னது சரி, பூச்சி வரவில்லை. இனி அதற்குள் பழுதாகிப்போக ஒன்றும் இல்லை.